எக்ஸ்மூர் கடலோர மூர்நிலம்: கூம் மார்ட்டின் முதல் லின்டன் வரை நடக்க விரும்புவோருக்கான கேள்வி பதில்

இங்கே சொல்லப்படும் இடம் எது?

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் கவுன்டியின் வடக்குக் கரையில், பிரிஸ்டல் கால்வாய் எனும் கடற்பகுதியைப் பார்த்தபடி உயர்ந்து நிற்கும் மூர்நிலம், அதாவது மரங்களற்ற புதர் மேட்டுநிலம் இது. 1954இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட எக்ஸ்மூரின் பெரும்பகுதி பக்கத்துக் கவுன்டியான சாமர்செட்டில் இருக்கிறது. அதன் மேற்கு ஓரம் மட்டும் டெவனுக்குள் வருகிறது. அந்த மேற்கு ஓரத்தில், கூம் மார்ட்டின் என்ற கடற்கரைச் சிற்றூருக்கும் லின்டன் என்ற மலைச் சிறுநகரத்துக்கும் இடையில் உள்ள 20 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கரைப்பகுதியைப் பற்றியதே இந்தப் பக்கம். லின்டனுக்கு நேர் கீழே கடலோரத்தில் இருக்கும் லின்மத்தில் கோடையில் கூட்டம் நெரியும். ஆனால் அங்கிருந்து மேற்கே ஒரு மணிநேரம் நடந்துவிட்டால், ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமையில்கூட எதிரே வருபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மூர்நிலம் என்பது பயன்படாத தரிசுநிலம்தானே? பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது?

முதல்முறை பார்ப்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். மரமில்லை, பயிரில்லை, வீடில்லை. முழங்கால் உயரப் புதர் கடலின் விளிம்பு வரை படர்ந்து கிடக்கிறது. ஆனால் அது கைவிடப்பட்ட நிலம் அன்று. எத்தனையோ தலைமுறைகள் மேய்ச்சலுக்காகப் பேணி வந்த நிலம். வெண்கலக் காலத்திலேயே மனிதர்கள் இந்த மேடுகளில் வாழ்ந்து, தம் இறந்தோரைக் கற்குவியல்களின் கீழே புதைத்திருக்கிறார்கள். காடு அழிந்த இடத்தில் மழை சத்தையெல்லாம் அரித்துச் சென்றுவிட, அமிலத்தன்மை மிகுந்த மெல்லிய மண்ணே மிஞ்சியது. அந்த மண்ணில் செழிக்கக்கூடியவை சிலவே: ஹெதர் எனும் குறுஞ்செடி, மஞ்சள் பூவும் கூர்முள்ளும் கொண்ட கோர்ஸ், நீலக்கருமை நிறப் பழம் தரும் வோர்டில்பெரி, பிராக்கன் எனும் உயர்ந்த பெரணி. ஆடும் மாடும் மட்டக்குதிரையும் மேய்வதை நிறுத்திவிட்டால், இருபது முப்பது ஆண்டுகளில் இதுவும் முட்புதராகி, பிறகு மரக்காடாகிவிடும்.

ஆகவே இங்கே பராமரிப்பு என்பது இடைவிடாத வேலை. முற்றிக் கட்டையாகிப் போன ஹெதரையும் கோர்ஸையும், குளிர்காலத்திலும் இளவேனிலின் தொடக்கத்திலும், சட்டம் அனுமதிக்கும் நாட்களில் மட்டும், சிறுசிறு பாத்திகளாகப் பிரித்து எரிக்கிறார்கள். இதை உள்ளூர் விவசாயிகள் ‘ஸ்வேலிங்’ என்கிறார்கள். எரிந்த இடத்தில் இளந்தளிர் வரும். அதைத் தேடி மந்தை வரும். நடைபாதையோரம் கருகிய திட்டுகளைக் கண்டு, யாரோ காட்டைக் கொளுத்திவிட்டார்கள் என்று பதற வேண்டியதில்லை. அடுத்தடுத்து வெவ்வேறு வயதுடைய புதர்கள் நிற்பதால்தான் இங்கே இத்தனை வகைப் பறவைகளும் பூச்சிகளும் வாழ்கின்றன.

எந்த மாதத்தில் செல்வது நல்லது?

வண்ணத்துக்காகச் செல்வதானால் ஆகஸ்ட். பெல் ஹெதர் ஜூலையிலேயே அடர்சிவப்பு கலந்த ஊதாவில் பூக்கத் தொடங்கிவிடும். அதைத் தொடர்ந்து லிங் எனும் பொதுவகை ஹெதர் வெளிர் ஊதாவில் மலரும். இவ்விரண்டுக்கும் நடுவே, மேற்குக் கரைக்கே உரிய குட்டை வகைக் கோர்ஸ் அதே பருவத்தில் பொன்மஞ்சளாகப் பூக்கும். ஊதாவும் மஞ்சளும் நெருங்கிக் கலந்து, அதற்கு அப்பால் கடல் தெரியும் காட்சி ஹோல்ட்ஸ்டோன் டவுன் மேட்டில் மிகச் சிறப்பாக அமைகிறது. வோர்டில்பெரியும் அந்தப் பருவத்தில்தான் பழுக்கும்.

பறவைகளுக்காகச் செல்வதானால் ஏப்ரல் முதல் ஜூலைத் தொடக்கம் வரை. வூடி பே அருகிலுள்ள செங்குத்துப் பாறைகளில் ரேசர்பில், கில்லிமாட் ஆகிய கடற்பறவைகள் கூடு கட்டாமல், பாறை விளிம்பிலேயே முட்டையிட்டு அடைகாக்கின்றன. குஞ்சு பொரித்துச் சில வாரங்களில் அவை மீண்டும் நடுக்கடலுக்குப் போய்விடும். ஆகஸ்டில் தேடினால் கிடைக்காது. என் விருப்பத்தைக் கேட்டால் மே மாதத்தின் பின்பாதியைச் சொல்வேன்: பகல் நீண்டது, பிராக்கன் இன்னும் தோளுயரம் வளர்ந்திருக்காது, வானம்பாடி நாள் முழுவதும் பாடும். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுவதால், நடக்கும் தொலைவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முழுத் தொலைவையும் ஒரே நாளில் நடந்துவிட முடியுமா?

நடந்து பழகியவர்களுக்கு முடியும். ஆனால் தொலைவை வைத்து நேரத்தைக் கணக்கிடக் கூடாது. இந்தப் பாதை இங்கிலாந்தின் தென்மேற்குக் கரை முழுவதையும் 630 மைல் சுற்றிவரும் ‘சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத்’ எனும் நெடும்பாதையின் ஒரு துண்டு. அந்த நெடும்பாதையிலேயே மிக உயரமான இடமான கிரேட் ஹாங்மன் (318 மீட்டர்) இங்கேதான் இருக்கிறது. கூம் மார்ட்டினில் கடல் மட்டத்தில் தொடங்கி, லிட்டில் ஹாங்மனின் தோளைக் கடந்து, அந்த உச்சியிலுள்ள கற்குவியலை அடைவதற்குள் காலைப்பொழுதின் பெரும்பகுதி கழிந்துவிடும். வானம் தெளிந்திருந்தால் கடலுக்கு அப்பால் வேல்ஸ் நாட்டின் மலைகளும், மேற்கே லண்டி தீவும் தெரியும்.

அதுவே கடினமான பகுதி என்று நினைப்பவர்களுக்கு ஷெர்ரிகூம் காத்திருக்கிறது. உச்சியிலிருந்து கிழக்கே இறங்கும் பாதை ஓர் ஆழமான ஓடைப்பள்ளத்துக்குள் செங்குத்தாகப் போய், எதிர்ப்பக்கம் அதே அளவு ஏறுகிறது. மழைக்குப் பிறகு அந்த இறக்கத்தில் புல் வழுக்கும். கைத்தடி இல்லாமல் இறங்குவது முழங்காலுக்கு நல்லதன்று. அதன்பின் ஹோல்ட்ஸ்டோன் டவுன், டிரென்டிஷோ டவுன் ஆகிய மேடுகளின் கடற்புறச் சரிவில் பாதை ஓரளவு சமமாகப் போகிறது. இந்தக் கரையின் பாறைகள் நேர்ச்சுவராக எழாமல், மேலே வளைந்து சரிந்து, கடைசியில் மட்டும் கடலுக்குள் அறுந்து விழுகின்றன. எனவே சரிவு முடிந்து பாறை எங்கே தொடங்குகிறது என்பது மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. பாதையை விட்டுக் கடல் பக்கம் இறங்கிப் படம் எடுப்பது இங்கே உண்மையாகவே உயிருக்கு ஆபத்து.

பிறகு ஹெடன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, மீண்டும் ஏறி, ஹாலோ புரூக் அருவியைத் தாண்டி வூடி பே காட்டுக்குள் நுழைந்து, வேலி ஆஃப் ராக்ஸ் எனும் பாறைப் பள்ளத்தாக்கு வழியாக லின்டனை அடையலாம். நடுவில் உள்ள ஹன்டர்ஸ் இன் என்ற பழைய விடுதியருகே முதல் நாளை முடித்துக்கொண்டு, மறுநாள் மீதியை நடப்பதையே பெரும்பாலானவர்களுக்குப் பரிந்துரைப்பேன். இரண்டு நாட்களுக்கு நேரமில்லை என்றால் கிழக்குப் பாதியை விட்டுவிட்டு மேற்குப் பாதியை மட்டும் நடக்கலாம். மூர்நிலம் என்று சொல்லத்தக்கது அங்கேதான் இருக்கிறது. கிழக்கே போகப்போகக் காடுதான் மிகுதி.

வயதானவர்களையும் சிறுபிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாமா?

தாராளமாக. ஆனால் அவர்களை ஹாங்மன் பக்கம் அழைத்துச் செல்ல வேண்டாம். ஹன்டர்ஸ் இன் அருகே காரை நிறுத்திவிட்டு, ஆற்றோரமாகவே ஹெடன்ஸ் மவுத் எனும் கழிமுகம் வரை செல்லும் பாதை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்தான். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. இருபுறமும் மலை உயர்ந்து நிற்க, ஆறு கூழாங்கல் கரையைக் கடந்து கடலில் சேரும் இடத்தில் பாதை முடிகிறது.

அந்தக் கரையோரத்தில் கல்லால் கட்டிய வட்டமான பழைய சுண்ணாம்புக் காளவாய் ஒன்று இருக்கிறது. அதை அவசியம் நின்று பாருங்கள். இந்த மேட்டுநிலத்தின் அமில மண்ணில் பயிர் செய்ய வேண்டுமானால் சுண்ணாம்பு தூவ வேண்டும். சுண்ணாம்புக்கல்லோ இங்கே போதிய அளவு இல்லை. ஆகவே எதிர்க்கரையான தெற்கு வேல்ஸிலிருந்து சுண்ணாம்புக்கல்லையும் நிலக்கரியையும் படகில் கொண்டுவந்து இந்தக் கரையில் இறக்கி, காளவாயில் அடுக்கடுக்காகப் போட்டுச் சுட்டார்கள். சுட்ட சுண்ணாம்பையே படகில் கொண்டுவரலாமே என்று தோன்றும். நீர் பட்டால் சுட்ட சுண்ணாம்பு கொதித்துச் சூடேறும். மரப்படகில் அது பெரும் ஆபத்து. அதனால்தான் கல்லாகக் கொண்டுவந்து, சுடும் வேலையைக் கரையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

இன்னும் சற்று நடக்கக்கூடியவர்களுக்கு ஹன்டர்ஸ் இன்னிலிருந்து வூடி பே வரை, முன்பு குதிரை வண்டிகளுக்காக அமைத்த அகலமான பாதை இருக்கிறது. அது கடலோரப் பாதைக்கு மேலே, மென்மையான ஏற்றத்தில் செல்கிறது. அதற்குச் சற்று மேலே, மார்ட்டின்ஹோ அருகில், கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோமானியப் படை எதிர்க்கரை வேல்ஸைக் கண்காணிப்பதற்காக அமைத்த சிறு காவல் கோட்டையின் மண்மேடுகள் உள்ளன. சுவரோ தூணோ மிச்சமில்லை; மேட்டின் மேல் நின்று கடலைப் பார்த்தால், ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பது மட்டும் நன்றாக விளங்கும்.

நடக்கவே இயலாதவர்கள் லின்மத்துக்கும் லின்டனுக்கும் இடையில் 1890 முதல் ஓடும் மலைரயிலில் ஏறலாம். மின்சாரமோ எரிபொருளோ இல்லாமல், மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் ஆற்றுநீரை நிரப்பி, கீழே நிற்கும் பெட்டியின் நீரைத் திறந்துவிட்டு, எடை வேறுபாட்டாலேயே ஒன்றை இறக்கி மற்றொன்றை ஏற்றுகிறார்கள். குளிர்காலத்தில் ஓடாத நாட்கள் உண்டு.

ஹெடன் பள்ளத்தாக்கில் சரிவுகளில் பெரணியை வெட்டியும் மிதித்தும் வைத்திருக்கிறார்களே, ஏன்?

பிரிட்டனின் மிக அரிய வண்ணத்துப்பூச்சிகளுள் ஒன்றான ‘ஹை பிரவுன் ஃபிரிட்டிலரி’க்காக. அது எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் இந்தச் சரிவும் ஒன்று. அதன் புழு வயலட் செடியின் இலையை மட்டுமே தின்னும். அது வளரும் இளவேனிலில் காற்று இன்னும் குளிராக இருக்கும். வெயில் படும் சரிவில் முந்தைய ஆண்டின் பிராக்கன் காய்ந்து பழுப்பாகப் படிந்து கிடக்கும் இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிட வெதுவெதுப்பாக இருக்கும். புழு அந்தச் சருகின் மேல் வெயில் காய்ந்துவிட்டு, இடையில் முளைத்த வயலட்டை மேயும்.

பிராக்கன் இல்லாவிட்டால் அந்தக் கதகதப்பு இல்லை. பிராக்கன் மிஞ்சிப்போனால் சருகு தடித்து வயலட் முளைக்காது. இந்த அளவு தானாக அமைவதில்லை. முற்காலத்தில் மாட்டுக் கொட்டிலில் பரப்ப விவசாயிகள் பிராக்கனை அறுத்துச் சென்றார்கள், மந்தையும் மிதித்தது. அந்த வழக்கம் நின்றதும் பூச்சி நாடு முழுவதும் அருகிப்போனது. இன்று நிலத்தின் உரிமையாளரான நேஷனல் டிரஸ்ட் எனும் பாதுகாப்பு அறக்கட்டளை அந்த வேலையைத் திட்டமிட்டுச் செய்கிறது. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை, வெயிலடிக்கும் காலையில் பாதையில் நின்றபடியே அவை பெரணியின் மேல் தாழப் பறப்பதைக் காணலாம். படத்துக்காகச் சரிவில் இறங்கினால் மிதிபடுவது அந்த வயலட்தான்.

பாம்பு, உண்ணி ஆகியவற்றால் ஆபத்து உண்டா?

பிரிட்டனின் ஒரே நச்சுப்பாம்பான ஆடர் இங்கே இருக்கிறது. முதுகில் கருநிற வளைகோடு ஓடும் சிறு விரியன் அது. இளவேனிலில் பாதையோரத்தில் வெயில் காயும். காலடி அதிர்வு கேட்டதும் பெரும்பாலும் விலகிவிடும். கடித்துவிட்டால் கடிவாயைக் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். அந்த உறுப்பை அசைக்காமல் வைத்துக்கொண்டு அவசர உதவி எண்ணான 999ஐ அழைக்க வேண்டும். உயிரிழப்பு மிக மிக அரிது. ஆனாலும் மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம்.

பாம்பைவிட உண்ணியைப் பற்றியே நான் கவலைப்படுவேன். பிராக்கனுக்குள் நடந்தால் அது உடையில் ஏறி, முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு என மறைவான இடங்களில் ஒட்டிக்கொள்ளும். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். நீளக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். மாலையில் பிள்ளைகளின் உடலைத் தலைமுடி வரை சோதியுங்கள். ஒட்டியிருந்தால் நுண்ணிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவதும் சுடுவதும் தவறு. அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகத் தடிப்புப் படர்ந்தாலோ காய்ச்சல் கண்டாலோ, உண்ணி கடித்ததைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள்.

மட்டக்குதிரைகளுக்குத் தின்பண்டம் கொடுக்கலாமா?

கூடாது. மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் மாவு பூசியதுபோல் வெளிறியிருக்கும் எக்ஸ்மூர் மட்டக்குதிரை பார்ப்பதற்குக் காட்டு விலங்காகத் தோன்றினாலும், ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐம்பதுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்த இந்த இனத்தை மீட்டெடுத்தவர்கள் உள்ளூர் மக்கள். கையிலிருந்து தின்னப் பழகிய குதிரை சாலையோரம் வந்து நிற்கும். வாகனம் மோதிச் சாகும்.

நாயை அழைத்துச் செல்வதற்கு விதி உண்டா?

உண்டு. 2000ஆம் ஆண்டின் சட்டப்படி பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள திறந்த நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் நாயைப் பிடித்திருக்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளும் ஈன்ற ஆடுகளும் இருக்கும் காலம் அது. ஆடுமாடு இருக்கும் இடத்தில் ஆண்டு முழுவதும் கயிறு கட்டாயம். கன்றோடு நிற்கும் பசு நாயைக் கண்டு துரத்தி வந்தால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் தப்பித்துக்கொள்ளும், நீங்களும் தப்புவீர்கள்.

வானிலை எப்படி இருக்கும்?

அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மேட்டில் முட்டி மேலெழுவதால், கீழே கடற்கரையில் வெயிலும் மேலே மூடுபனியும் ஒரே நேரத்தில் இருக்கும். பனி இறங்கினால் பத்தடி தொலைவில் உள்ள வழிகாட்டிக் கம்பமும் தெரியாது. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் ஓஎல்9 வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கட்டும். கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

மழையைக் குறைத்து எண்ணாதீர்கள். 1952 ஆகஸ்ட் 15 அன்று, ஏற்கெனவே நனைந்து ஊறிப்போயிருந்த இந்த மூரில் ஒரே நாளில் ஏறத்தாழ 230 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நிலத்தால் உறிஞ்ச முடியாத நீர் முழுவதும் செங்குத்தான பள்ளத்தாக்குகளில் பாய்ந்து, பாறைகளையும் மரங்களையும் உருட்டிக்கொண்டு இரவில் லின்மத்துக்குள் புகுந்தது. 34 பேர் உயிரிழந்தனர். கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் ஓடைப்பள்ளங்களைக் கடக்கும் பயணத்தைத் தள்ளிப்போடுவதே முறை.

ஹெடன்ஸ் மவுத்தில் கடலில் குளிக்கலாமா?

நான் பரிந்துரைக்க மாட்டேன். உலகிலேயே மிகப் பெரிய ஓத (கடல்நீர் ஏறி இறங்கும்) வேறுபாடுகளுள் ஒன்று பிரிஸ்டல் கால்வாயில் நிகழ்கிறது. நீர் ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் அதற்கேற்பக் கடுமையாக இருக்கும். கடலில் உயிர்காக்கும் காவலர்கள் யாரும் இல்லை. தாழ் ஓதத்தின்போது பாறைகளின் அடியில் அடுத்த விரிகுடாவுக்கு நடந்து போனவர்கள் நீர் ஏறியதும் சிக்கிக்கொள்வார்கள். மேலே ஏற வழியிருக்காது.

எப்படிப் போய்ச் சேருவது? உணவு கிடைக்குமா?

நேரடி ரயில் இல்லை. லண்டன் பாடிங்டனிலிருந்து எக்ஸிட்டர் வரை விரைவு ரயில், அங்கிருந்து பார்ன்ஸ்டபிள் வரை கிளை ரயில், பிறகு பேருந்து. லின்டனுக்கு முன்பு இருந்த குறுகிய பாதை ரயில் 1935இல் மூடப்பட்டது; வூடி பே நிலையத்தில் அதன் சிறு பகுதியை ஆர்வலர்கள் மீண்டும் இயக்குகிறார்கள். பேருந்து நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும். திரும்பும் பேருந்தின் நேரத்தை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன்படி நடையைத் திட்டமிடுங்கள். காரில் வருபவர்கள் ஒற்றை வண்டிச் சந்துகளில் பின்னோக்கி ஓட்டி வழிவிட வேண்டியிருக்கும்.

கூம் மார்ட்டினிலும் லின்டனிலும் கடைகள் உண்டு; நடுவில் ஹன்டர்ஸ் இன் பக்கம் தவிர உணவு கிடைக்குமிடம் அரிது. வீட்டிலிருந்து புளியோதரையோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு போவது நம்மவர்களுக்கு எளிது. சோறு சிந்தியதையும் வாழைப்பழத் தோலையும்கூட அங்கேயே விட்டுவிடாமல் திரும்ப எடுத்துவாருங்கள். சத்தற்ற மண்ணில் வாழும் செடிகளுக்கு நாம் விட்டுச்செல்லும் மிச்சம் உரமன்று, கேடு.

கூடாரம் அமைக்கலாமா? அடுப்பு மூட்டலாமா? ட்ரோன்?

எக்ஸ்மூரில் நில உரிமையாளரின் அனுமதியின்றிக் கூடாரம் அமைக்கச் சட்டத்தில் இடமில்லை. 2025இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த, அனுமதியின்றிக் கூடாரமிடும் உரிமை டெவனின் தெற்கிலுள்ள டார்ட்மூர் பொதுநிலங்களுக்கு மட்டுமே உரியது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பார்பிக்யூ அடுப்பு அறவே கூடாது. விவசாயிகள் எரிப்பது ஈரநிலத்தில், ஆளும் கருவியும் சூழ நின்று. கோடையில் காய்ந்த ஹெதரில் விழும் ஒரு பொறி மண் வரை எரித்துவிடும். நேஷனல் டிரஸ்ட் நிலத்தில் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடத் தடை உண்டு.

நண்பர்கள் கூட்டமாகப் போய்ப் பாட்டுப் போட்டுக்கொண்டு நடக்கலாமா?

சட்டப்படி யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் ஒலிபெருக்கியை வீட்டில் விட்டுச் செல்லுமாறு மனமார வேண்டுகிறேன். இந்த வெளியில் மரங்கள் இல்லாததால் ஓசை எங்கும் தடைபடாது. ஒரு மேட்டில் போட்ட பாட்டு அடுத்த மேட்டில் கேட்கும். தரையில் அடைகாக்கும் வானம்பாடி, அச்சத்தால் எழுந்து பறந்துவிட்டால் முட்டை குளிர்ந்துவிடும். பெரிய குழுவாக வந்தால் நான்கைந்து பேராகப் பிரிந்து, கால்மணி இடைவெளியில் நடங்கள்.

இரவில் அங்கே தங்கி வானம் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஐரோப்பாவில் முதன்முதலாக 2011இல் இருள்வானக் காப்பகமாக அங்கீகாரம் பெற்றது எக்ஸ்மூர்தான். ஹோல்ட்ஸ்டோன் டவுன் வாகன நிறுத்தத்திலிருந்தே அமாவாசையை ஒட்டிய இரவுகளில் பால்வெளி தெளிவாகத் தெரியும். சிவப்பு ஒளி தரும் கைவிளக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாறை விளிம்புப் பாதையில் இருட்டில் நடக்க வேண்டாம்.

தனியாகச் செல்வது பாதுகாப்பானதா?

மனிதர்களால் அச்சமில்லை; பெண்கள் தனியாக நடப்பதும் இங்கே வழக்கம்தான். அச்சம் வழுக்கி விழுவதும், உதவிக்கு அழைக்க முடியாமல் போவதும். பள்ளத்தாக்குகளுக்குள் கைப்பேசி அலைவரிசை பெரும்பாலும் கிடைக்காது. புறப்படும் முன் எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதைத் தங்குமிடத்திலோ நண்பரிடமோ சொல்லிவையுங்கள். அலைவரிசை பேசுவதற்குப் போதாமல் குறுஞ்செய்தி போகும் அளவுக்கு மட்டும் இருக்கும் இடங்கள் உண்டு. பிரிட்டிஷ் எண் வைத்திருப்பவர்கள் ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி முன்கூட்டியே பதிந்துகொண்டால், அவசரத்தில் குறுஞ்செய்தி மூலமே உதவி கேட்கலாம். கடலோரத்தில் விபத்து நேர்ந்தால் 999இல் கோஸ்ட்கார்டை, அதாவது கடலோர மீட்புப் படையைக் கேட்க வேண்டும். மேட்டின் உட்பகுதியில் என்றால் காவல்துறையைக் கேட்டு, அவர்கள் மூலம் மலைமீட்புக் குழுவை அழைக்கச் சொல்ல வேண்டும். கடைசியாகக் கடந்த மேட்டின் பெயரையும் வரைபடக் கட்ட எண்ணையும் சொல்லத் தெரிந்திருந்தால் அவர்கள் விரைவில் வந்து சேர்வார்கள்.